வைக்கோலுக்குக் கீழே தக்காளி

மல்ச் போடுகிற தொழிலில் ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்: மண்ணை மூடுவது சுலபம், ஆனால் மூடிய மண் சும்மா கிடப்பதில்லை.

பின்வளவில் தக்காளி வைத்து, அது பூக்கும் முன்னமே சொந்தக்காரருக்கெல்லாம் பை பையாகத் தருவதாக வாக்குக் கொடுத்து, கடைசியில் ஓகஸ்ட் மாதம் கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று நான் கேட்கமாட்டேன். நானும் கொடுத்திருக்கிறேன். நாமெல்லாம் ஒரே வருத்தக்காரர். அதனால்தான் இதை உங்களிடம் சொல்லத் துணிந்தேன்.

மல்ச் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தக்காளிக் கன்றைச் சுற்றி வெறும் மண் தெரியாதபடி வைக்கோலோ மரச்சீவலோ காய்ந்த இலையோ பரப்பி மூடிவிடுவது. ஈரம் நிற்கும். வெயில் வேரைச் சுடாது. மழை அடிக்கும்போது மண் தெறித்து இலையில் நோய் ஏறாது. களை குறையும், காய் கூடும். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் தொடங்கி விட்பி வரைக்கும் நானும் யூட்டும் ட்ரக்கில் போய் இதைத்தான் சொல்கிறோம், இதைத்தான் செய்கிறோம். யூட் மன்னார்க்காரர். எனக்குத் தம்பி வயது. எதற்கும் பயமில்லை என்று சொல்லிக்கொண்டே கழுத்துச் சிலுவையைத் தடவுகிறவர். வாடிக்கையாளர்களிடம் நாங்கள் சொல்லாமல் விட்டவைதான் இங்கே இருக்கின்றன.

ஆறாத சூடு

மில்லிக்கனில் சிவா அங்கிள் வீட்டு டிரைவ்வேயில் ஒரு ட்ரக் மரச்சீவல் கொட்டினோம். புதிதாக வெட்டிய மரம், பச்சைச் சீவல். அதைக் குவித்துவிட்டால் உள்ளே தானாகவே சூடேறும். அந்தச் சூட்டோடு பாத்தியில் போட்டால் கன்று அவிந்துவிடும். ஆறவிட்டுத்தான் போட வேண்டும். "தொடாதேங்கோ அங்கிள், அடுத்த கிழமை நாங்கள் வந்து பரப்பிவிடுறம்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அடுத்த கிழமை போனபோது மே மாதத்துக் காலைக் குளிர் இன்னும் விலகவில்லை. குவியலிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் யாரோ நிற்பது தெரிந்தது. அங்கிள்தான். மேல்கோட்டு இல்லை, கையுறை இல்லை. வலது கையை முழங்கை வரைக்கும் குவியலுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கை வெந்துவிடுமே என்று பதறிப்போய் ஓடி, தோளைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்த கை சிவந்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் நோவின் சாயலே இல்லை. கை இருந்த இடத்தில் குழி அப்படியே நின்றது, சரியவில்லை. யூட் எட்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளைப் பூஞ்சண நூல்கள் படர்ந்திருந்தன. மரச்சீவலில் அது வருவதுதான். ஆனால் வேறெங்கும் இல்லாமல், அந்தக் குழியின் அடியில் மட்டும், கீழேயிருந்து யாரோ விரல் விரித்தது போல் ஐந்தாகப் பிரிந்து படர்ந்திருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அங்கிளின் மனைவி அந்த மாசியில்தான் காலமானவர். அது எனக்கும் தெரியும். அங்கிள் சட்டைக் கையை மறுபடியும் மேலே சுருட்டிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"ஹொஸ்பிற்றல்ல அவவின்ர சூடு ஆற முதலே கையை விடச் சொல்லிப்போட்டினம், பிள்ளை. இது இன்னும் ஆறேல்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

மூச்சு

விட்பியில் புதுக் குடியிருப்புகளைப் பார்த்திருப்பீர்கள். மரம் இல்லை, நிழல் இல்லை, வேலிக்கு மேலே வானம் மட்டும். அப்படியொரு வீட்டில் ஷாலினி என்ற பிள்ளைக்குப் பாத்தி கட்டி, தக்காளி நட்டு, தடிப்பாக வைக்கோல் போட்டுக் கொடுத்தோம். கணவன் விடிய ரயிலேறி நகரத்துக்குப் போய்விடுவான். இவள் சமையலறை ஜன்னலோரம் கொம்பியூட்டரை வைத்து வீட்டிலிருந்தே வேலை செய்வாள். ஜூன் மாதம் ஒரு நாள் மத்தியானம் அழைத்தாள்.

"அக்கா, டோன்ட் லாஃப். ஸ்ட்ரோ மூச்சு விடுது."

போனோம். காற்றே இல்லை. பக்கத்து வீட்டுக் கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவரிசையில் ஒரு கன்றின் அடியில் வைக்கோல் மெல்ல எழும்பியது, தாழ்ந்தது. மறுபடியும் எழும்பியது. நித்திரையாய்க் கிடக்கிற பிள்ளையின் நெஞ்சுபோல. யூட்டின் கை சிலுவைக்குப் போய்விட்டது. நான் குந்தியிருந்து ஒரு பிடி வைக்கோலை விலக்கினேன். அடியில் சாம்பல் நிற மயிர் மெத்தைபோலக் கிடந்தது. அதற்குள் கண் திறக்காத முயல் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. தாய் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி மூடிவிட்டுப் போயிருக்கிறது. பகலில் அது கிட்டவே வராது. விடியலுக்கும் அந்திக்கும்தான் வந்து பால் கொடுக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷாலினி சிரிக்கவில்லை. அந்த வசந்தத்தில் தன் வயிற்றில் தங்காமல் போன பிள்ளையைப் பற்றி, அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை என்று, அந்தப் பாத்தியடியில் நின்றுதான் எனக்குச் சொன்னாள்.

நடுவரிசைக்குத் தண்ணீர் விட்டால் குட்டிகள் நனைந்து சாகும். விடாவிட்டால் கன்று வாடும். "தக்காளி போகட்டும் அக்கா" என்றாள். விட்டுவிட்டோம். ஆனால் கன்று வாடவில்லை. முன்பு பெய்த மழையின் ஈரத்தை வைக்கோல் அப்படியே அமத்திப் பிடித்து வைத்திருந்தது. மற்ற வரிசைகளோடு அதுவும் காய்த்தது. ஜூலையில் குட்டிகள் போய்விட்டன. வேலிக்குக் கீழால் ஓடுவதை நானே கண்டேன். பாத்தியை ஒழுங்குபடுத்தலாம் என்று வைக்கோலில் கை வைத்தேன். ஷாலினி பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முயல் போயிட்டுது, ஐ நோ அக்கா. ஆனா ஸ்ட்ரோ இன்னும் மூச்சு விடுது. ப்ளீஸ், திறக்காதேங்கோ."

மஞ்சள்

கிளாரா அன்ரி வீட்டில் தக்காளிப் பாத்திக்குக் கொஞ்சம் தள்ளி, கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே, சீமெந்துத் தட்டில் மாதா சொரூபமாக நிற்கிறார். பாத்திக்கு நாங்கள் போட்ட மரச்சீவல் மாதாவின் தட்டு வரைக்கும் போகும். ஒரு நாள் காலை வேலியோரம் சீவலுக்கு மேல் மஞ்சளாக ஒன்று கிடந்தது. முட்டைக் கரு ஊற்றியது போல. சேறுபோலவும் இருந்தது, உயிருள்ளது போலவும் இருந்தது. ஈரமான மரச்சீவலில் வரும் பூஞ்சணம் போன்ற ஒன்று, தக்காளிக்குக் கெடுதல் இல்லை என்று சொன்னேன். "அதில்லைப் பிள்ளை, அது நடக்குது" என்றார் அன்ரி. ஒவ்வொரு காலையும் அது நின்ற இடத்தில் ஒரு கல் வைத்திருந்தார். கற்கள் வேலியிலிருந்து மாதாவை நோக்கி ஒரு வரிசையாகக் கிடந்தன.

அது நகரும் என்பது எனக்குத் தெரியும். மிக மெதுவாக, ஈரம் தேடி ஊர்ந்து போகும். அதைத்தான் அன்ரிக்கு விளங்கப்படுத்தினேன். அவரும் தலையாட்டினார். கிழமை முடிய மறுபடி போனபோது மஞ்சள் சீமெந்துத் தட்டில் ஏறி, மாதாவின் பாதத்தைச் சுற்றி, பாதத்தைத் தொடாமல் நின்றது. அன்ரி முழந்தாளில் இருந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தார். யூட் மாதாவின் காலடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எனக்குக் காட்டினார். நனைந்திருந்தது. ட்ரக்கில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டார்:

"ஈரம் தேடித்தான் போகுது, அது சரி அக்கா. அதில மழையும் படாது, தண்ணிக் குழாயும் எட்டாது. மாதாவின்ர காலடியில ஈரம் எங்கால வந்தது?"

செய்வினை

வோபர்னில் தவமணி அன்ரியின் தக்காளி என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்த வருஷம் அவருடைய கன்றுகள் நன்றாக எழும்பி வந்து, பிறகு திடீரென்று ஒரு விதமாகப் போயின. போய்ப் பார்த்தேன். வாடவில்லை, மஞ்சளாகவில்லை, பூச்சியும் இல்லை. பச்சையாகவே இருந்தபடி குருத்தெல்லாம் முறுகி, இலைகள் உள்ளுக்குச் சுருண்டு, கோழிக்கால் நகம்போல மடங்கி நின்றன. எல்லாக் கன்றும் ஒரேமாதிரி. பாத்தியின் நடுவில் ஒரு எலுமிச்சங்காய்ப் பாதியும் முட்டைக்கோதும் கிடந்தன.

அன்ரிக்குச் சந்தேகமே இல்லை. அதே தெருவில் இருக்கிற அவருடைய மச்சாள் பரமேஸ் வந்து, "அடி, என்ன மாதிரிச் செழிப்பாய் வந்திருக்குது" என்று சொல்லிவிட்டுப் போன கிழமைதான் இது தொடங்கியது. எலுமிச்சங்காயும் முட்டைக்கோதும் வேறு எப்படி வரும்? ரக்கூன் குப்பைத் தொட்டியைக் கிளறிக் கொண்டுவந்து போட்டிருக்கும் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. ஓகஸ்டில் மகளின் கலியாணம். பரமேசுக்கு அழைப்புக் காட் கொடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. மகள் அழுகிறாள், "மாமி இல்லாமல் நான் மணவறையில ஏறமாட்டன்" என்கிறாள். அன்ரியின் கணவர் தன் தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் வாய் மூடி இருக்கிறார். கோயிலுக்குப் போய்க் கழிப்புக் கழித்தாயிற்று. இலை நிமிரவில்லை.

எனக்கு வைக்கோலில்தான் கண் போனது. அது எங்கள் வைக்கோல் இல்லை. அன்ரியின் கணவர் வடக்கே ஒரு பண்ணையில் மலிவாகக் கிடைத்தது என்று கொண்டுவந்து தானே போட்டது. வயலில் களைக்கு அடித்த மருந்து சில வேளை வைக்கோலில் தங்கி நிற்கும். புல்லினத்துக்கு ஒன்றும் செய்யாது. தக்காளிக்கும் பயற்றைக்கும் ஆகாது. அந்த வைக்கோலில் ஒரு பிடியை மண்ணோடு கலந்து ஒரு கோப்பையிலும், நல்ல மண்ணை இன்னொன்றிலும் போட்டு, இரண்டிலும் பயற்றை விதை ஊன்றி அன்ரியின் ஜன்னலில் வைத்தேன். நல்ல மண்ணில் இலை விரிந்து வந்தது. மற்றதில் முளைத்த முதல் இலையே பொத்திப் பிடித்த கைபோல முறுகிக்கொண்டு வந்தது. அன்ரி கோப்பையைக் கையில் எடுத்து அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கணவர் வைக்கோல் முழுவதையும் வாரிக் கட்டி வெளியே போட்டார். அன்ரி தானே நடந்து போய்ப் பரமேசின் கையில் காட் கொடுத்தார். கலியாணத்தில் அந்த இரண்டு மச்சாள்மாரும் ஒரே நிறச் சேலையில் நின்றதை நான் கண்ணால் கண்டேன். சாப்பாட்டுப் பந்தியில் என்னைக் கண்ட அன்ரி குனிந்து காதுக்குள் கேட்டார்:

"எல்லாம் சரி பிள்ளை, அந்த வைக்கோலுக்கு ஆர் செய்வினை செய்தது எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோவன்?"

இரண்டு பக்கம்

குமாரசாமி அண்ணையும் ராணி அக்காவும் கலியாணம் செய்த நாளிலிருந்து எதிலும் ஒத்துப்போனதில்லை என்று இருவருமே சொல்வார்கள். அதில் மட்டும் ஒத்துப்போவார்கள். தக்காளிக்கு வைக்கோல் போட வேண்டும் என்பது அக்காவின் கட்சி. "மண் வெயில் காயவேணும், காத்துக் குடிக்கவேணும். மூடின மண் புழுங்கிச் செத்துப்போம்" என்பது அண்ணையின் கட்சி. கடைசியில் என்னை நடுவராக வைத்துப் பாத்தியின் குறுக்கே கயிறு கட்டினார்கள். ஒரே கன்று, ஒரே எரு, ஒரே தண்ணீர். அக்காவின் பக்கம் வைக்கோல், அண்ணையின் பக்கம் வெறும் மண். ஜூன் வரைக்கும் அண்ணையின் பக்கம்தான் முந்தியது. வெறும் மண்ணில் வெயில் நேரே விழுந்து சூடேறியதால் கன்றுகள் கெதியாக எழும்பின. அண்ணை காலையும் மாலையும் கயிற்றடியில் கை கட்டி நின்று பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். அதுவே அக்காவுக்குப் போதும், எரிச்சல் வர.

ஜூலையில் வெக்கை வந்தது. அண்ணையின் மண் வெடித்தது. காலையில் விட்ட தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்து, கன்றுகள் தலை தொங்கின. ஈரம் வருவதும் போவதுமாக இருந்ததில் காய்களின் அடி கறுத்து அழுகியது. ஒரு பெருமழை அடித்து, தெறித்த சேறு இலையில் ஏறி, கீழ் இலைகளில் கருகல் புள்ளி விழுந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்காவின் தக்காளி குலை குலையாக, கறையில்லாமல் தொங்கியது. அக்கா வென்றுவிட்டார். ஆனால் அதைச் சொல்லிக் காட்ட ஆள் இல்லை. அதற்குள் அண்ணைக்குப் பாரிசவாதம். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், ஆஸ்பத்திரியில் கிடந்தார். "அவற்ற பக்கத்துக்கும் வைக்கோல் போடட்டா அக்கா? இன்னும் காப்பாத்தலாம்" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். "அவர் வந்து தன்ர வாயால சொன்னால் போடுவம். அவர் இல்லாத நேரத்தில நான் வெல்லக்கூடாது." தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை நானும் யூட்டும் தண்ணீர் விடப் போனோம். அண்ணையின் பக்கம் வைக்கோல் போடப்பட்டிருந்தது. அக்கா எனக்குப் பின்னால் நின்றார். அவரும் அப்போதுதான் பார்க்கிறார். நான் யூட்டைப் பார்த்தேன், யூட் என்னைப் பார்த்தார். போட்டது நாங்கள் இரண்டு பேரும் இல்லை. அக்காவால் முழங்கால் மடக்கிக் குந்த முடியாது, அது எங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் யாரும் இந்த நாட்டில் இல்லை. வேலிக் கதவு உள்ளால் பூட்டியபடி கிடந்தது. கராஜில் நாங்கள் கட்டவிழ்க்காமல் வைத்திருந்த வைக்கோல் கட்டு அவிழ்ந்திருந்தது. போட்டவர் வேலை தெரிந்தவர். தண்டை நெருக்காமல், ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் இடைவெளி விட்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு கன்றுக்கும் இடப்பக்கம் வடிவாகத் தட்டி அமத்தியிருந்தது. வலப்பக்கம் விழுந்தது விழுந்தபடி கிடந்தது. ஒரு கையால் போட்டது போல. யூட் அதைக் காட்டியபோது அக்கா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னார், அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் அண்ணையின் இடது கை பொத்தியிருந்ததாம், விரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வைக்கோல் துரும்பு இருந்ததாம். உங்களுடைய சால்வையில் ஒட்டி வந்திருக்கும் என்று தாதி சொன்னாராம். அக்காவும் அப்படித்தான் நினைத்தாராம்.

நாங்கள் அந்த வைக்கோலை எடுக்கவில்லை. எடுக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை. அண்ணையின் கன்றுகள் மெதுவாகத் தேறின. அடி கறுத்த காய்களை வெட்டி எறிந்த பிறகு வந்த பிஞ்சுகள் பழுதில்லாமல் திரண்டன. அக்காவின் பக்கத்தை எட்டிப் பிடிக்கவில்லை. ஆனால் அக்கா வாளி கொண்டுவந்து பறிக்கும் அளவுக்குக் காய்த்தன. செப்டெம்பரில் அண்ணையைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சு அரைகுறையாகத் திரும்பியிருந்தது. அக்கா அவரைப் பாத்தியடிக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, அவர் பக்கத்துப் பழமொன்றைப் பறித்து இடது கையில் வைத்தார். "உங்கட பக்கம் வைக்கோல் ஆர் போட்டது?" என்று, குழந்தையிடம் கேட்பதுபோல, பதில் எதிர்பாராமல்தான் கேட்டார். யூட் தண்ணீர்க் குழாயை மூடினார். அண்ணை பழத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வாய் கோணக் கோண ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்:

"நீ... சொல்லிச் சொல்லி என்ர காதைத் திண்டனீ. அங்க சும்மாதானே கிடந்தனான். வந்து... போட்டிட்டுப் போனனான்."

இவ்வளவுக்குப் பிறகும் மல்ச் போட்டால் தக்காளி கூடக் காய்க்குமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, காய்க்கும், சத்தியமாகக் காய்க்கும், பறிக்க மட்டும் தனியே போகாதீர்கள்.